கோச் வீட்டைப் பார்க்க வந்த மூவர்

"தலையைக் குனிடா, உத்தரம் இருக்கு!" என்று நார்மா ஸ்டாட்லர் சொல்லி முடிப்பதற்குள் வெண்டெல் க்ராட்ஸின் நெற்றி உத்தரத்தில் மோதி 'டம்' என்றது.

"இன்னும் இத இங்கயேதான் வச்சிருக்கீங்களா?" என்றான் வெண்டெல், நெற்றியைத் தடவிக்கொண்டு.

"பேசாம இறங்கு. நான் கூப்பிடுற வரைக்கும் மூச்சு விடக் கூடாது."

ஆறடி நாலு அங்குல உயரமும் அதற்குத் தக்க அகலமும் கொண்ட நாற்பது வயது மனிதனை நிலவறைப் படிக்கட்டில் தள்ளிக் கதவைச் சாத்தினாள் நார்மா. வாசலில் இரண்டாவது கார் வந்து நின்றுவிட்டது. அது ஒரு மணிக்கு வரவேண்டிய கார். இப்போது பன்னிரண்டே கால். முதல் கார் பதினொன்றுக்கே போயிருக்க வேண்டும். அது பனியில் புதைந்தபடி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தது.

நார்மாவின் கணவர் விர்ஜில், ஹாஸ்கெட் கல்லூரியில், பந்தைக் கையால் எறிந்து ஆடும் அமெரிக்கக் கால்பந்து அணிக்கு இருபத்தேழு வருடம் தலைமைப் பயிற்சியாளராக இருந்தவர். நெப்ராஸ்காவின் அந்த மூலையில் 'கோச்' என்றால் அவர் ஒருவர்தான். அறுபத்தைந்து முடிந்துவிட்டது, இந்த 1974 டிசம்பரோடு ஓய்வு. வீடு கல்லூரியுடையது, வேலையோடு சேர்ந்து வருவது, வேலையோடு சேர்ந்து போவது. கூடத்தில் அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்தன. ஜனவரியில் லிங்கன் நகரத்தில் மகள் வீட்டுக்குப் பக்கத்தில் இரண்டு அறை உள்ள ஜாகைக்குப் போகிறார்கள்.

போன வாரம் கல்லூரித் தலைவர் டாக்டர் எல்வுட் வீட்டுக்கே வந்து ரகசியக் குரலில் சொன்னார்.

"அடுத்த கோச் வேலைக்கு மூணு பேர் பட்டியல்ல இருக்காங்க, மிஸஸ் ஸ்டாட்லர். மூணு பேருமே கோச்கிட்ட ஒரே அணியில ஆடின பசங்க. புதன்கிழமை ஆளுக்கொரு நேரத்துல வந்து வீட்டைப் பார்ப்பாங்க. ஒருத்தர ஒருத்தர் பார்த்துடவே கூடாது. பேர் வெளிய வந்துச்சுன்னா இப்ப இருக்கிற வேலைக்கு வேட்டு. கூடைப்பந்துக்கு ஆள் தேடினப்ப என்னாச்சுன்னு தெரியும்ல?"

தெரியும். அந்த மனிதர் இப்போது டிராக்டர் உதிரிபாகம் விற்கிறார்.

"விர்ஜில்கிட்ட?"

"அவர்கிட்ட சொல்றதுக்குப் பதிலா வானொலியிலயே சொல்லிடலாம்."

அதுவும் சரிதான். காலையிலேயே விர்ஜிலை முடிவெட்டும் கடைக்கு விரட்டினாள் நார்மா. அஞ்சு மணிக்கு முன்னால் வந்தால் பெட்டி கட்ட வேண்டியிருக்கும் என்றும் சொல்லிவைத்தாள். பெட்டி கட்டுவதற்குப் பயந்து அவர் ஏழு மணி வரைக்கும்கூட வரமாட்டார் என்பது அவள் கணக்கு.

ஆனால் வெண்டெல் விஷயத்தில் கணக்கு தப்பிவிட்டது. பத்து மணிக்கு வந்தவன் நேராகச் சமையலறைக்குப் போய் அடுப்புக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான். அந்தக் காலத்தில் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அணியில் பாதிப் பேர் அந்த மேஜையைச் சுற்றித்தான் இருப்பார்கள். பீன்ஸும் மாட்டிறைச்சியும் போட்ட சில்லிக் குழம்பு. தொட்டுக்கொள்ள இலவங்கப்பட்டைச் சுருள் ரொட்டி. ஊர் வழக்கம் அது. முன்வரிசையில் நின்று எதிராளியை முட்டித் தள்ளுகிற வெண்டெலுக்கு அன்றைக்கும் மூன்று கிண்ணம், இன்றைக்கும் மூன்று கிண்ணம்.

"வீட்டைப் பார்க்க வேண்டாமாடா? மாடியில கூரை ஒழுகுது, அதையும் நான் மறைக்கப் போறதில்ல."

"பார்த்த வீடுதானே. இன்னும் கொஞ்சம் ஊத்துங்க."

இப்படியே மணி பன்னிரண்டே கால் ஆகிவிட்டது.

நார்மா முன்கதவைத் திறந்தாள். மூக்குக் கண்ணாடியில் பனி படிந்து, குருடன் மாதிரி கைநீட்டிக்கொண்டு நின்றான் ஆர்லோ வாஸ். அந்த அணியில் பந்தை எறிகிறவன் அவன். எறிவதற்கு முன்னாலும் கவலைப்படுவான், எறிந்த பிறகும் கவலைப்படுவான். இப்போது அயோவாவில் துணைப் பயிற்சியாளர்.

"சீக்கிரம் வந்துட்டனா? சாலையை மூடிடுவாங்களோன்னு பயமா இருந்துச்சு. வெளிய யார் காரு? கேன்சஸ் நம்பர் தகடு போட்டிருக்கு?"

"என் ஒண்ணுவிட்ட அண்ணன்."

"வெண்டெல்கூட கேன்சஸ்லதான இருக்கான்?"

"கேன்சஸ் பெரிய மாநிலம்டா. உள்ள வா."

அவனும் நேராகச் சமையலறைக்குத்தான் போனான். மாடி அறைகளைக் காட்டுகிறேன் என்று நார்மா இரண்டு முறை எழுந்தாள். இரண்டு முறையும் அவன் கிண்ணத்தைத்தான் நீட்டினான். வேலைக்கு வருகிறவர்கள் வீட்டைச் சூடாக்கும் கொதிகலன் எத்தனை வருடப் பழசு என்றாவது கேட்க வேண்டாமா? இந்தப் பையன்களுக்குப் பிழைக்கத் தெரியவில்லையே என்று அவளுக்கு உள்ளுக்குள் ஆற்றாமையாக இருந்தது.

அப்போதுதான் கீழேயிருந்து ஒரு முழக்கம் கேட்டது.

"ஓடு! ஓடுடா கழுதை!"

ஆர்லோவின் கரண்டி நின்றது. "கோச் குரல் மாதிரி இருக்கே?"

நார்மாவுக்கு உடனே புரிந்துவிட்டது. நிலவறைக்குத் தோட்டப் பக்கமாக இன்னொரு கதவு உண்டு. பெட்டி கட்டுவதிலிருந்து தப்பிக்க நினைத்த விர்ஜில், கடைத்தெருவில் குளிரில் நிற்பதைவிடத் தன் வீட்டு நிலவறையிலேயே ஒளிந்துகொள்வது மேல் என்று முடிவுசெய்து, திருடன் மாதிரி உள்ளே நுழைந்திருக்கிறார். உள்ளே வெண்டெல்.

"அண்ணன்தான். தூக்கத்துல பேசுவார்."

"ரெண்டு குரல் கேக்குதே, மிஸஸ் ஸ்டாட்லர்."

"ரெண்டு குரல்லயும் பேசுவார். நீ சாப்பிடு."

டாக்டர் எல்வுட்டைக் கூப்பிட்டு யோசனை கேட்கலாமென்று தொலைபேசியை எடுத்தாள். திங்கட்கிழமை ராத்திரிப் பனியில் செத்த கம்பி இன்னும் உயிர்க்கவில்லை. கருவியை வைத்துவிட்டு, சட்டென்று கீழே இறங்கிப் பார்த்தாள்.

சலவை இயந்திரத்துக்கு மேலே பழைய படம் காட்டும் கருவி கரகரவென்று ஓடிக்கொண்டிருந்தது. சுவரில் கறுப்பு வெள்ளையில் பையன்கள் ஓடினார்கள். விர்ஜில் பாதி முடி வெட்டிய தலையோடு திரும்பினார். முடிவெட்டுகிறவரிடம்கூட அவர் முழுசாக உட்காரவில்லை. அவர் முகத்தைப் பார்த்ததும் நார்மாவுக்குத் திட்ட வாய் வரவில்லை.

"நார்மா, என்கிட்ட மூச்சுகூட விடல பாரு நீ! என்னை வழியனுப்ப வெண்டெல வரவழைச்சிருக்க. அதான் காலையிலயே என்னைத் துரத்தினியா?"

வெண்டெல் குனிந்து தன் காலணியைப் பார்த்தான்.

இல்லை, இவன் உங்கள் வேலைக்கு மனுப் போட்டு வந்திருக்கிறான் என்று எப்படிச் சொல்வது? விர்ஜிலின் கடைசி வருடம் ஒன்பது ஆட்டத்தில் ஏழு தோல்வி. விடைகொடுக்கும் விருந்து என்று கல்லூரியில் கேக்கும் காபியும் கொடுத்தார்கள். அரை மணியில் முடிந்துவிட்டது. அன்றைக்குக்கூட வேடிக்கை பேசிக்கொண்டேதான் வீட்டுக்கு வந்தார். பழைய பையன்கள் ஒருவரும் வரவில்லை என்பதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் பேசாமல் விட்ட விஷயம் இருபத்தேழு வருடத்தில் அது ஒன்றுதான்.

"ஆமா, வரவழைச்சேன். சத்தம் போடாம படம் பாருங்க" என்று சொல்லிவிட்டு மேலே ஏறினாள்.

ஏறினால், பின்கட்டுக் கதவை யாரோ தட்டுகிறார்கள். முன்கதவை விட்டுப் பின்கதவுக்கு வரும் ஆள் அந்த அணியில் ஒருவன்தான். நாலு மணிக்கு வரவேண்டிய கஸ் பப்பாஸ்.

"ஆர்லோ, மாடிக்கு ஓடு! குளியலறையில போய் இரு!"

"ஏன்? யாரு?"

"என் இன்னொரு அண்ணன்!"

கவலைப்படவும் நேரமில்லாமல் ஓடினான் ஆர்லோ. போகிற வேகத்தில் கையெல்லாம் குழம்பு.

கஸ் காலணியைக் கழற்றி வாசலிலேயே வைத்துவிட்டு, கிழிந்த காலுறையோடு உள்ளே வந்தான். பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவன். முழங்கால் பிசகிய பிறகு நொண்டுகிறவன். படிப்பின் கடைசி வருடம் ஆறு வாரம் இந்த வீட்டு மாடியில்தான் கட்டுப் போட்ட காலோடு படுத்திருந்தான். இப்போது மினசோட்டாவில் ஒரு கல்லூரியில் வேலை.

"வாசனை தெருமுனை வரைக்கும் வருது" என்று சொல்லி உட்கார்ந்தான். நார்மா கிண்ணத்தை வைத்தாள். அவன் முதல் வாய் எடுப்பதற்குள் உத்தரத்திலிருந்து ஒரு சொட்டு அதில் விழுந்தது. அடுத்தது அவன் தலையில். மூன்றாவது சொட்டு இல்லை, ஒழுக்கு.

மாடியில் ஆர்லோ கைகழுவக் குழாயைத் திருகியிருந்தான். குழாயின் பிடி கையோடு வந்துவிட்டது.

"தண்ணிய நிறுத்துற வால்வு கீழதான?" கஸ் எழுந்தான். "எனக்குத் தெரியும், நான் போறேன்."

"வேண்டாம்! போகாதே!" நார்மா நிலவறைக் கதவுக்குக் குறுக்கே கையை விரித்து நின்றாள். "கீழ... கீழ என் அண்ணன் தூங்குறார்."

"உங்களுக்கேது அண்ணன்?"

ஆறு வாரம் வீட்டில் தங்கினவனிடம் சொந்தக்காரர் பொய் செல்லாது. அவன் அவளை மெல்ல நகர்த்திவிட்டுக் கதவைத் திறந்தான். கீழே விர்ஜிலும் வெண்டெலும் அண்ணாந்து பார்த்தார்கள். அதே நேரம் மாடிப்படியிலிருந்து ஆர்லோ, தலை முதல் கால் வரை நனைந்து, கையில் குழாய்ப் பிடியோடு இறங்கினான்.

"மன்னிச்சுக்குங்க மிஸஸ் ஸ்டாட்லர், இது..." என்று ஆரம்பித்தவன் கஸ்ஸைப் பார்த்தான். கஸ் வெண்டெலைப் பார்த்தான். வெண்டெல் இருவரையும் பார்த்தான். மூன்று பேர் முகத்திலும் சாக்லேட் திருடி மாட்டிக்கொண்ட களை.

முடிந்தது, மூன்று குடும்பத்துக்கும் வேலை போயிற்று என்று நார்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

"அடப்பாவிகளா, மூணு பேருமா!" என்று கீழேயிருந்து விர்ஜிலின் குரல் உடைந்து வந்தது. "இந்தப் பனியிலயா வந்தீங்க?"

கஸ் நொண்டிக்கொண்டே போய் வால்வை மூடினான். பிறகு வெண்டெல்தான் முதலில் சிரித்தான். அந்தச் சிரிப்பில் மற்ற இருவரும் விழுந்தார்கள்.

எல்லோரும் நிலவறையில் கூடினார்கள். சுவரில் ஓடிக்கொண்டிருந்தது ஐம்பத்தைந்தாம் வருடத்துக் கடைசி ஆட்டம். ஆர்லோ பந்தை எறிய, எல்லைக்கோட்டுக்கு இரண்டு அடி முன்னால் கஸ் அதை நழுவவிட, தோற்ற ஆட்டம்.

"நீ தாழ்வா எறிஞ்ச" என்றான் கஸ்.

"வெண்டெல் எதிராளியைத் தடுக்காம விட்டுட்டான். மேல விழ வந்தவன வச்சுக்கிட்டு எப்படிடா உயர எறியறது?"

"என் கண்ல மண்ணு" என்றான் வெண்டெல்.

"பத்தொம்பது வருஷமா அந்த மண்ணு போகலியா?"

"இத வருஷா வருஷம் புதுப் பசங்களுக்குப் போட்டுக் காட்டுவேன்" என்றார் விர்ஜில்.

"எதுக்கு கோச்?"

"எப்படி ஆடக் கூடாதுன்னு."

மூவரும் ஊளையிட்டார்கள். விர்ஜில் கையை உயர்த்தினார். "இரு, படம் முடியல."

சுவரில் ஆட்டம் முடிந்து ஜனங்கள் கலைந்தார்கள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு தரையில் கிடந்த ஒருவனை, ஒல்லியான ஒருவனும் பெரிய ஒருவனும் ஆளுக்கொரு தோளில் தாங்கித் தூக்கிக்கொண்டு, மெல்ல மெல்லத் திரையை விட்டு வெளியே போனார்கள்.

"இத எதுக்குன்னு நான் சொன்னதில்ல" என்றார் விர்ஜில். "ஆனா இதையும் காட்டுவேன்."

படம் தீர்ந்து, சுவர் வெறும் வெளிச்சமானது. யாரும் எழுந்து விளக்கைப் போடவில்லை.

நார்மா குழம்புப் பாத்திரத்தையே கீழே தூக்கி வந்தாள். விர்ஜில் அடுத்த படச்சுருளைத் தேடி மூலைக்குப் போன சமயம், மூவரிடமும் தணிந்த குரலில் சொன்னாள்:

"நடந்தது இந்த நாலு சுவத்துக்குள்ள இருக்கட்டும். உங்கள்ல யாருக்கு வேலை கிடைச்சாலும் மத்தவன் வருத்தப்படக் கூடாது. வீட்ட நல்லா வச்சுக்கணும். முதல்ல அந்தக் குழாய மாத்துங்க."

மூன்று பேரும் ஒரே சமயத்தில் தங்கள் கிண்ணத்துக்குள் பார்வையைப் புதைத்துக்கொண்டார்கள். கூச்சம், பாவம், என்று நினைத்தாள் நார்மா. கோச்சின் கண்முன்னாலேயே கோச்சின் நாற்காலிக்குப் போட்டி போடுவது லேசான காரியமா? மேலே அழைப்புமணி அடித்தது. அவள் படியேறினாள்.

வாசலில் டாக்டர் எல்வுட்டின் காரியதரிசி மேக்ஸின், முழங்கால் வரை பனியோடு மூச்சிரைத்துக்கொண்டு நின்றாள். கீழேயிருந்து நாலு ஆண்களின் சிரிப்பு வெடித்து மேலே வந்தது. மேக்ஸின் அதைக் கவனிக்கவில்லை; இரண்டு நாளாகச் சொல்ல முடியாததைச் சொல்லிவிடும் அவசரம் அவளுக்கு.

"நல்லவேளை, வீட்ட ரொம்ப ஒண்ணும் ஒதுக்கி வைக்கலியே? உங்க போனும் செத்துப்போச்சு, எங்க தெருப் பனியையும் இப்பத்தான் தள்ளிவிட்டாங்க. இன்னிக்கு யாரும் வரமாட்டாங்க, மிஸஸ் ஸ்டாட்லர். திங்கக்கிழமையே மூணு பேரும் இந்த வேலை வேண்டாம்னு சொல்லிட்டாங்க."