கன்னையன் ரிஜெக்ட் ஆன வரலாறு

மண்ணரைக் குளக்கரை மூத்தோர் ஒளிப்படக் கழகம் என்பது திருப்பூரில் நான்கு உறுப்பினர்களைக் கொண்ட ஓர் அமைப்பு. நான்கு பேருக்கும் பதவி உண்டு. ஆகவே சாதாரண உறுப்பினர் என்று யாரும் கிடையாது. வேறு எந்தக் கழகத்திலும் இந்த ஒழுங்கு இல்லை என்று தலைவர் குமாரசாமி அடிக்கடி சொல்வார்.

குமாரசாமி ஒரு பையிங் ஆபீசில் க்வாலிட்டி மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். வெளிநாட்டுக்குப் போகும் பனியனை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "இது ஆகாதுங்க" என்று சொல்வது அவருடைய உத்தியோகம். காலமெல்லாம் அதையே சொல்லிப் பழகியதால், வீட்டில் இட்லி வைத்தால்கூடத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிடுவார். சாரதாமணி சாயப்பட்டறை லேபில் நிறம் பார்த்தவர். கன்னையன் கட்டிங் மாஸ்டர். நான் மாரப்பன், பேக்கிங் செக்‌ஷன். வேலையும் முடிந்து, வெளியூர்ப் பிள்ளைகளும் போன் செய்வதைக் குறைத்துக்கொண்ட காலத்தில், காலை நடையில் பழக்கமாகி, பேக்கரியில் தேங்காய் பன்னும் டீயுமாக நெருங்கியவர்கள் நாங்கள். இந்த வயதில் புதிதாக ஒரு சிநேகிதம் கிடைப்பது லேசுப்பட்ட காரியமா? கிடைத்ததில் எனக்குச் சொல்ல முடியாத சந்தோஷம். அதைக் கழகம் ஆக்கியதில்தான் வினை வந்தது.

போட்டோ ஆசையைக் கிளப்பிவிட்டவர் கன்னையன். கனடாவில் இருக்கும் அவர் மகன் அருள்குமார் தன் பழைய போனை அனுப்பி வைத்திருந்தான். எங்கள் காலத்தில் ஒரு ரோலுக்கு முப்பத்தாறு படம். ஒரு கல்யாணமே அதற்குள் முடிந்துவிடும். கன்னையன் டீ ஆறுவதற்குள் அவ்வளவையும் எடுத்துவிடுவார். தட்டான், எருமை, எதிர்வெயிலில் துணி துவைக்கும் பீகார்ப் பையன்கள் என்று பார்த்ததையெல்லாம் எடுத்து எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் கொட்டினார். பார்க்கப் பார்க்க எங்களுக்கும் கை துறுதுறுத்தது.

ஒருநாள் குளத்தில் நின்ற கொக்கை எடுத்துக் காட்டினார். அருமையான படம். குமாரசாமி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"கன்னையன், இதுல ஒரு கால் இல்லீங்க."

"இன்னொரு காலை மடிச்சு வெச்சிருக்குதுங்க."

"மடிச்சது சரியில்லைன்னா அது பேக்கிங் டிஃபெக்ட். மாரப்பன், நீங்க என்ன சொல்றீங்க?"

பேக்கிங் என்று சொல்லிவிட்டதால் எனக்கும் ஒரு கௌரவம் வந்துவிட்டது. "மடிப்பு வெளியே தெரியோணுங்க," என்றேன். கொக்கு நிராகரிக்கப்பட்டது.

அன்று முதல், தலைவரின் அப்ரூவல் இல்லாமல் எந்தப் படத்தையும் குரூப்பில் போடக் கூடாது என்று விதி வந்தது. ரோஜாப்பூவும் காபிக் கோப்பையுமாக வரும் காலை வணக்கப் படங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. அவை இறக்குமதிச் சரக்கு. அவற்றுக்கு நாம் பொறுப்பு அல்ல.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்தபோது, ஒரு காலையில் கன்னையன் பன்னைப் பிட்டுக் கையிலேயே வைத்துக்கொண்டு, "விசா வந்துருச்சுங்க," என்றார். மனைவி தவறியபிறகு தனியாக இருந்தவர். மகன் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். வீட்டை வாடகைக்கு விட்டாயிற்று, மாசக் கடைசியில் விமானம்.

எங்களில் யாரும் டீயைத் தொடவில்லை.

"எனக்கு ஒண்ணே ஒண்ணு வேணுங்க," என்றார் கன்னையன். "நம்ம நாலு பேரும் ஒட்டுக்கா நிக்கற மாதிரி ஒரு போட்டோ. அங்க செவுத்துல மாட்டோணும். அந்த ஊர்ல எனக்கு யாரைங்க தெரியும்?"

விசாவுக்கு எடுத்த படம் அவரிடம் இருந்தது. சிரிக்கக் கூடாது, காது தெரிய வேண்டும், கண்ணாடி கூடாது என்று சொல்லி எடுத்தது. அது ஒரே தடவையில் பாஸானது. ஏனென்றால் அதில் கன்னையனே தெரியவில்லை.

குமாரசாமிக்குக் கண் சிவந்துவிட்டது. கண் சிவந்தால் என்ன செய்வது என்று அவருக்கு யாரும் பயிற்சி கொடுக்கவில்லை. ஆகவே தெரிந்ததைச் செய்தார்.

"ஆர்டர் எடுத்துக்கிட்டோங்க," என்றார். "ஷிப்மென்ட் தேதி சொல்லுங்க."

இவ்வாறு கன்னையன் பையர், அதாவது சரக்கு வாங்குபவர், ஆனார். படத்தில் நிற்கப் போகிறவரும் அவரே என்பதால், சரக்கும் அவரே. இப்படி ஒரு சிக்கல் திருப்பூர் வரலாற்றில் வந்ததில்லை என்று குமாரசாமி பெருமையாகச் சொன்னார்.

படம் எடுக்கத் தலைவரின் போன் மட்டுமே தகுதி பெற்றது. அதன் முதுகில் 'சரிபார்க்கப்பட்டது' என்று அவரே ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார். அது புது மாடல். பட்டன் அழுத்த வேண்டாம். உள்ளங்கையைக் காட்டினால் தானாகவே எடுத்துக்கொள்ளும். பேக்கரி பன் தட்டில் போனைச் சாய்த்து வைத்துவிட்டு, நால்வரும் கையை உயர்த்திக் காத்திருந்தோம். வழியே போன ஒருவர், என்ன கூட்டம் என்று தெரியாமல் அவரும் கையைத் தூக்கினார்.

முதல் சாம்பிள் நிறத்தில் போனது.

"ஒரே லாட்ல நாலு ஷேடுங்கண்ணா," என்றார் சாரதாமணி, எங்கள் தலைகளைச் சுட்டிக்காட்டி. உண்மைதான். குமாரசாமி டை அடித்த கறுப்பு. நான் மருதாணிச் சிவப்பு. கன்னையன் சுத்த வெள்ளை. சாரதாமணி சாம்பல்.

"இதுக்கு என்னுங்கம்மணி வழி?" என்றார் குமாரசாமி.

"எல்லாத்தையும் ஒரே தொட்டியில முக்கோணுங்க."

மறுநாள் சாரதாமணி வீட்டு வாசலில் வரிசையாக உட்கார்ந்தோம். ஏதோ இரண்டு மூன்று பொடியைக் கலந்து, கையில் உறை மாட்டிக்கொண்டு, நான்கு தலைக்கும் ஒரே பக்கெட்டிலிருந்து பூசினார். காய்ந்தபிறகு நான்கும் கத்தரிப்பூ நிறத்தில் வந்தன. என் மருமகள் கதவைத் திறந்ததும் ஒரு நிமிஷம் யாரோ என்று நினைத்துவிட்டாள். ஆனால் நான்கும் ஒரே கத்தரிப்பூ. நிறம் எதுவாக இருந்தாலும் எல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதே தரம். பாஸ்.

இரண்டாம் சாம்பிள் அளவில் போனது. குமாரசாமி இன்ச் டேப்பை எடுத்து எங்களை அளந்தார். மூவரும் ஏறக்குறைய ஒரே உயரம். கன்னையன் மட்டும் குள்ளம். அவரை ஹாலோபிளாக் கல் மேல் ஏற்றினோம். கையைத் தூக்கிய நேரத்தில் கல் ஆடியது. கன்னையன் சாய, சாரதாமணி அவர் சட்டையைப் பிடிக்க, நான் கண்ணை மூடிக்கொண்டு சிரிக்க, என்றைக்கும் சிரிக்காத குமாரசாமி வாயைப் பிளந்து, "ஐயோ கன்னையா!" என்று கத்த, போன் தன் பாட்டுக்குப் படம் எடுத்துவிட்டது.

குமாரசாமி அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்தார். "கோணல்," என்று எழுதினார். பிறகு முறைப்படி துறைத்தலைவர்கள் ஆய்வுக்காக எனக்கும் சாரதாமணிக்கும் அனுப்பினார். கன்னையனுக்கு அனுப்பவில்லை. கழிவுச் சரக்கைப் பையர் கண்ணில் காட்டுவது வழக்கமில்லை.

மூன்றாவது சாம்பிளுக்குக் கல்லை மண்ணில் பதித்தோம். எல்லாம் சரியாக வந்தது. நிம்மதியாக மூச்சு விட்டோம். அப்போதுதான் குமாரசாமிக்கு ஊசி ஞாபகம் வந்தது.

தைக்கும்போது உடைந்த ஊசித் துண்டு துணிக்குள் இருந்துவிட்டால் போட்டவரைக் குத்தும். அதனால் ஏற்றுமதிச் சரக்கை டிடெக்டரில் விடுவார்கள். உலோகம் இருந்தால் அந்தப் பீஸ் ஒதுக்கப்படும். இதில் பேச்சே கிடையாது.

"கன்னையன், உங்க கால்ல கம்பி வெச்சிருக்குதுங்களா?"

"ஆமாங்க. மொபெட்ல இருந்து உழுந்தப்ப வெச்சது."

"இரும்புங்களா?"

"டாக்டர் ஏதோ நல்ல இரும்புன்னாருங்க."

எனக்குப் பொறுக்கவில்லை. "ஏனுங்க, போட்டோவுல கம்பி தெரியாதுங்களே?"

"துணியில ஊசியும்தான் தெரியாதுங்க மாரப்பன். தெரிஞ்சா டிடெக்டர் எதுக்குங்க?"

நான் போய்க் கல்லை மண்ணிலிருந்து பெயர்த்தெடுத்தேன்.

ஷிப்மென்ட் தேதி நெருங்கிவிட்டது. குறையுள்ள பீஸை ஒதுக்கிவிட்டு மீதியை அனுப்புவது என்று முடிவாயிற்று. நாங்கள் மூவரும் ஒரே உயரத்தில், ஒரே கத்தரிப்பூத் தலையுடன், மூச்சுவிடாமல் நின்றோம். ஒரு குறையும் இல்லை. கழகம் தொடங்கியதிலிருந்து குமாரசாமி அப்ரூவ் செய்த முதல் படம் அதுதான். கண்ணாடிச் சட்டம் போட்டு, ரிப்பன் கட்டி, பேக்கரியில் வைத்துக் கன்னையன் கையில் கொடுத்தோம்.

கன்னையன் அதை முன்னும் பின்னும் பார்த்தார்.

"ஏனுங்க, இதுல நான் எங்கீங்க?"

"நீங்க ரிஜெக்டுங்க," என்றார் குமாரசாமி அன்பாக. "அதனாலதான் தேதிக்குள்ள முடிக்க முடிஞ்சுது."

கன்னையன் ரிப்பனைச் சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டார். "சரிங்க," என்றார். "அந்த ரிஜெக்ட் ஆன படமாச்சும் ஒண்ணு குடுங்களேன்."

"எல்லாத்தையும் அழிச்சாச்சுங்க. அழிச்சேன்னு கையெழுத்தும் போட்டிருக்கேன். வேணும்னா பாருங்க," என்று குமாரசாமி போனை எடுத்து முன்னால் நீட்டினார்.

திரை ஒளிர்ந்தது. அதன் முகப்பிலேயே அந்தப் படம். சாய்கிற கன்னையன், சட்டையைப் பிடித்த சாரதாமணி, சிரிக்கிற நான், வாயைப் பிளந்த குமாரசாமி.

சாரதாமணி மெல்லத் தன் போனைக் கவிழ்த்து வைத்தார். நான் என்னுடையதைச் சட்டைப் பைக்குள் தள்ளினேன். என் போன் முகப்பிலும் அதேதான்.

"அது செகண்ட்ஸுங்க, கழிச்ச சரக்கு," என்றார் குமாரசாமி. "சொந்த உபயோகத்துக்கு வெச்சுக்கிட்டது. செகண்ட்ஸை ஏற்றுமதி பண்ண முடியாதுங்களே."

"அப்ப நானும் செகண்ட்ஸ்தானுங்களே. நான் எப்படிப் போறது?"

குமாரசாமி யோசித்தார். "ரூல்படி," என்றார் கடைசியில், "நீங்க போகக் கூடாதுங்க."

அந்த ஒரு விதியாவது பலிக்கக் கூடாதா என்று மூன்று பேருக்கும் தோன்றியது. "பையன் டிக்கெட் போட்டுட்டானுங்களே," என்று கன்னையன் சொன்னார். பிறகு தன் பழைய போனை எடுத்து, குமாரசாமியின் போன் திரையை ஒரு படம் எடுத்துக்கொண்டார். படத்தில் வெளிச்சம் பட்டுக் கண் கூசியது. ஓரத்தில் அவர் விரலும் விழுந்தது. குமாரசாமி போனை ஆடாமல் பிடித்துக் கொடுத்தார்.

கோவை விமான நிலையத்தில் அவரை உள்ளே அனுப்பிவிட்டு வெளியே நின்றோம். சற்று நேரத்தில் என் போனில் கன்னையன் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டேன்.

"செக்கிங்ல பீப்னு கத்துச்சுங்க."

குமாரசாமி போனைப் பிடுங்கினார். "நிறுத்தி வெச்சுட்டாங்களா?" அவர் குரலில் அப்படி ஓர் ஆசையை நான் கேட்டதே இல்லை.

"இல்லீங்க. குச்சியாட்டம் ஒண்ணை வெச்சுத் தடவிப் பார்த்துட்டு, போங்க தாத்தான்னுட்டாங்க."

"பார்த்தீங்களா மாரப்பன்," என்றார் குமாரசாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நாட்டுல இன்ஸ்பெக்‌ஷன் எந்த லட்சணத்துல இருக்குதுன்னு பாருங்க."

திரும்பும் வழியில் சாரதாமணிதான் ஆரம்பித்தார்.

"ஏனுங்கண்ணா, நம்மூர்ல வெளிநாடு போறது ஃபர்ஸ்ட் க்வாலிட்டி. இல்லீங்களா?"

"ஆமாங்கம்மணி," என்றார் குமாரசாமி.

"வேண்டாம்னு ஊர்லயே தங்கிப்போறதுக்குப் பேரு என்னுங்க?"

வண்டி அவினாசியைத் தாண்டியது. கன்னையன் போய்விட்டார். எல்லாச் சோதனையிலும் பாஸான மூன்று பீஸும் டாக்சியில் உட்கார்ந்து மண்ணரைக்கே திரும்பிக்கொண்டிருந்தன.

இதைப் படித்துச் சிரிக்கிறவர்கள் ஒரு காரியம் செய்யலாம். போட்டிருக்கும் பனியனின் பின்கழுத்தைக் கையால் தடவிப் பாருங்கள். ஏற்றுமதியில் கழித்த சரக்கு என்று லேபிளை வெட்டியிருப்பார்கள். எவனோ ஒருவன் ஆகாது என்று தள்ளியதைத்தான் நாம் எல்லோரும் மாட்டிக்கொண்டு, அடுத்தவனை மேலும் கீழும் பார்த்து, பாஸா ஃபெயிலா என்று எழுதிக்கொண்டிருக்கிறோம்.