கப்பல் காக்காவின் வேது அறை

வியர்ப்பதற்கென்றே வீட்டுக்குள் ஓர் அறை செய்துகொண்ட மனிதர் கோட்டாற்றில் மட்டுமல்ல, ஈரேழு உலகத்திலும் எங்கள் கப்பல் காக்கா ஒருவர்தான். நான் சொல்வது முப்பதுகளின் கதை. சித்திரை மாதம் எங்கள் தெருவில் சும்மா நின்றாலே சட்டையைப் பிழிந்து காயப்போடலாம்.

எங்கள் தெருவில் காக்கா என்றால் அண்ணன், ராத்தா என்றால் அக்காள். காக்கா ஒரு காலத்தில் கப்பலில் கரி அள்ளிப் போட்டவர். ஏதோ குளிர்தேசத்துத் துறைமுகத்தில், பலகை அறைக்குள் சுட்ட கல்லில் தண்ணீர் ஊற்றி, அந்த ஆவியில் ஜனங்கள் வேது பிடிப்பதைப் பார்த்திருக்கிறார். கூனிக்கொண்டு போன கிழவர்கள் நிமிர்ந்து வந்தார்களாம். அவர் மனைவி பாத்து ராத்தாவுக்கு முழங்கால் வாதம். நாலு வருஷமாக முக்காலியில் உட்கார்ந்துதான் தொழுகை. நெற்றியைத் தரையில் வைக்க முடியவில்லையே என்று ராத்தா அழாத நாளில்லை.

வீட்டில் ஓர் அறை சும்மா கிடந்தது. மகள் பிறந்து, அவளைக் கட்டுகிறவன் வீட்டோடு வந்து தங்குவான் என்று ராத்தாவின் வாப்பா முன்கூட்டியே கட்டிக் கொடுத்தது. மகள் பிறக்கவேயில்லை.

"வெளிய வெயில்ல இருந்தா போராதா காக்கா?" என்று கேட்டேன். நான் அடுத்த வீட்டு வாத்தியார்.

"வெயிலு தோலோட நின்னுரும் ஓய். ஆவிதான் எலும்புக்குள்ள போவும். ஒமக்கு எங்க வெளங்கப் போவுது!"

முட்டம் கடற்கரையில் உடைந்து கிடந்த ஒரு மீன்பிடி வள்ளத்தை வாங்கி, பலகைகளைப் பிரித்து நாலு சுவரிலும் அடித்தார். கல் பழுத்தது, தண்ணீர் ஊற்றினார், ஆவி வந்தது. கூடவே, அந்த வள்ளம் ஆயுள் முழுக்கக் குடித்திருந்த மீனெண்ணெயும் வந்தது. அரைமணி நேரத்தில் கோட்டாற்றுப் பூனைகள் அத்தனையும் ஓட்டின்மேல். சோதனைக்கு உள்ளே போன நான் ஒரு வாரம் மத்தி வாசத்தோடு பாடம் நடத்தினேன்.

ராத்தா வாசலிலேயே நின்றுவிட்டார். "இந்த நாத்தத்தோட நான் எப்பிடித் தொழ நிப்பேன்? எனக்குக் காலும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்."

வேறு யாராக இருந்தாலும் கைகழுவியிருப்பார்கள். காக்கா எல்லாப் பலகையையும் பிடுங்கி எறிந்தார். வராத மருமகனுக்காகச் செய்த பலாமரக் கட்டிலும் பெட்டகமும் கூடத்தில் ஒதுங்கிக் கிடந்தன. அவற்றின் முன்னால் கோடாலியோடு நின்றவருக்குக் கை எழவில்லை.

"ஒடைங்க" என்றார் ராத்தா. "இனி யாரு வந்து படுக்கப் போறா?"

அந்தப் பலகையில் பழையபடி அறை எழுந்தது. தினமும் காக்கா கல்லைச் சுடுவார், தண்ணீர் ஊற்றுவார், துணைக்குத் தானும் உட்காருவார். மாதங்கள் போயின. ராத்தாவின் முழங்கால் அசையவில்லை. காக்காதான் பாதியாக இளைத்துப் போனார். தெருவே சிரித்தது. மனிதர் ஒருநாளும் விட்டாரில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்து வீட்டுக்குள் போன காக்கா, போன வேகத்தில் என் வீட்டுக்கு ஓடிவந்தார்.

"வாத்தியாரே, அவ நெத்தியத் தரையில வச்சுக் கெடக்கா! தொழுது முடிச்ச பொறவும் எந்திரிக்கல்ல. பயந்து தூக்கப் போனேன். 'விடுங்க, இன்னும் கொஞ்ச நேரம் இப்பிடியே கெடக்கேன்'ங்கா."

சொல்லிவிட்டு என் வீட்டுப் படியில் உட்கார்ந்து தேம்பினார். பக்கத்தில் உட்கார்ந்து நானும் அழுதேன் என்பதை இன்றைக்குத்தான் வெளியே சொல்கிறேன்.