பிரவின்ராஜ் சொன்னால் பாறையும் கேட்கும்

புதூர்நாட்டு மலைப்பாதையில், மூன்றாவது கொண்டைஊசி வளைவுக்கு மேலே, ஒரு பாறை விழக் காத்திருந்தது. மழையில் அடிமண் கரைந்துவிட்டது. நேரில் ஏறிப் பார்த்து அறிக்கை எழுதியவர் உதவிப் பொறியாளர் பிலிப்ராஜ். பாதையை மூடும் உத்தரவோடு ஊருக்கு வந்து தொண்டை வறளக் கத்தினார். ஊர் கேட்கவில்லை.

காரணம் நியாயமானதுதான். ஊரார் போட்ட பந்தியில் அவர் குழம்பைச் சட்டையெல்லாம் சிந்திக்கொண்டார். அவருடைய டிரைவர் பிரவின்ராஜோ வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்து இரண்டு உருண்டை களி சாப்பிட்டான், ஒரு சொட்டு சிந்தவில்லை. ஆளும் பார்க்க லட்சணமாக இருந்தான்.

"களியவே ஒழுங்கா வாயில வெக்கத் தெரியல, பாறையப் பத்தி இன்னா தெரியும் இவருக்கு?" என்றாள் பூங்கோதை, திருப்பத்தூர் சந்தைக்குப் புளி மூட்டையை ஜீப்பில் ஏற்றிக்கொண்டே.

பிலிப்ராஜுக்கு அழுகையே வந்துவிட்டது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் போகிற ஜீப் அது. வேறு வழியில்லாமல் டிரைவரைச் சொல்லச் சொன்னார்.

"பாறை வுழும்க்கா, போவாதீங்க" என்றான் பிரவின்ராஜ்.

பூங்கோதை மூட்டையை இறக்கிவிட்டாள். "மூஞ்சப் பாருங்க, இது பொய் சொல்ற மூஞ்சியா?"

அலுவலகம் பூரித்தது. மேலதிகாரி, பொதுமக்கள் நலன் கருதி, பிரவின்ராஜை 'நம்பகத்தன்மை ஒருங்கிணைப்பாளர்' ஆக்கி ஆணை பிறப்பித்தார். "உங்க அறிக்கையில இந்தத் தெளிவு இல்லையே, பிலிப்ராஜ்" என்று வருத்தமும் தெரிவித்தார். அன்று முதல் ஆட்டுக் காய்ச்சல், மாப்பிள்ளையின் குணம், சாமை விதைக்க நாள் எல்லாவற்றுக்கும் ஊர் பிரவின்ராஜைக் கேட்டது. இல்லை என்று சொல்லத் தெரியாத பையன், எல்லாவற்றுக்கும் பதில் சொன்னான்.

ஒருநாள் மலையில் வேலை முடிந்து பிலிப்ராஜ் அவசரமாகக் கீழே இறங்க வேண்டியிருந்தது. மூடிய பாதையில் தடுப்பு நின்றது; சுற்றுவழியோ நெடுந்தூரம்.

"இப்பிடியே போலாம் சார். இன்னிக்கு வுழாது" என்றான் பிரவின்ராஜ், சிரித்துக்கொண்டே.

பிலிப்ராஜின் மனம் லேசானது. தாமே இறங்கிப் போய்த் தடுப்பைத் தள்ளி வைத்தார். அதைப் பார்த்த ஊர் ஜீப்புகள், புளி மூட்டைகளும் பிள்ளைகளுமாக, பின்னாலேயே கிளம்பின.

மூன்றாவது வளைவு வந்தது.

"வுழாதுன்னு உனக்கு எப்பிடிப்பா தெரியும்?"

"எனக்கு இன்னா சார் தெரியும்? சும்மா சொன்னேன். நீங்களே தடுப்பத் தள்ளிட்டீங்க. இஞ்சினியரு, தெரியாமலா தள்ளுவீங்க?"

ஜீப்பின் கூரையில் பொடிக்கற்கள் விழுந்தன. பிலிப்ராஜ் வண்டியைப் பின்னுக்கு எடுக்கச் சொன்னார். பின்னால் நின்ற ஜீப்புகளெல்லாம் வழிவிடச் சொல்லி ஹாரன் அடித்தன.