அரைக் கப் போதும்

"எங்க திட்டத்துல நாய்க்கும் பாதுகாப்பு இருக்கு சார், சேர்த்துரட்டுமா?" என்றான் போனில் பேசிய டிராவிஸ்.

"எங்க வீட்டுல நாய் இல்லையே தம்பி," என்றார் ஆர்டன் லுண்ட்.

"இனிமே வாங்கலாம்ல. நாளைக்கே ஒரு நாய் வந்துச்சுன்னு வைங்க, அதோட விவரம் கண்டவன் கையில சிக்கக்கூடாது பாருங்க. சேர்க்கட்டுமா?"

"உங்களுக்கு எதுக்கு சிரமம்."

"எனக்கு ஒரு சிரமமும் இல்ல சார். சேர்த்துடறேனே?"

ஆர்டன் பெருமூச்சு விட்டார். மூன்றாவது தடவையும் கேட்டுவிட்டான். மூன்று தடவை கேட்ட மனிதனிடம் முடியாது என்று சொல்ல அவர் வளர்ந்த விதத்தில் இடமில்லை. "சரி, உங்களுக்கு அதுல சந்தோஷம்னா..." என்றார். இல்லாத நாய்க்குப் பாதுகாப்பு ஏற்பாடாகிவிட்டது.

மினசோட்டாவின் வடகோடியில் இருக்கும் எங்கள் ஆட்கள் எல்லோருமே இப்படித்தான். யார் வீட்டுக்காவது போகிறோம், காப்பி சாப்பிடுகிறீர்களா என்று கேட்கிறார்கள். முதல் தடவை "வேண்டாம்" என்று சொல்ல வேண்டும். இரண்டாம் தடவை "உங்களுக்கு எதுக்கு சிரமம்" என்று சொல்ல வேண்டும். மூன்றாம் தடவை "சரி, அரைக் கப் போதும்" என்று சொல்லலாம். அதற்கப்புறம் மூன்று கப் குடித்தாலும் யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். முப்பத்தொரு வருஷமாகப் பள்ளிக்கூட பஸ் ஓட்டும் ஆர்டன் இந்த விஷயத்தில் கொஞ்சமும் தவறாதவர். கல்யாணத்துக்கே மூன்றாவது தடவை கேட்டபோதுதான் சம்மதித்தார். கேட்டவள் மார்லிஸ்.

அந்த மார்லிஸுக்குத்தான் இப்போது முழங்கால் போய்விட்டது. இருக்கும் வீட்டில் மாடிப்படி பதினாறு. ஏரிக்கரையில் படியே இல்லாத சின்ன வீடு ஒன்று விலைக்கு வந்திருந்தது. முன்பணத்துக்கான சேமிப்பு பக்கத்து டவுன் வங்கியில் தயாராக இருந்தது. கடனும் அதே வங்கியில்தான். வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்குள் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் வீடு மினியாபொலிஸ் பல் டாக்டர் ஒருவருக்குப் போய்விடும். அவர் ஏற்கெனவே ஏரியில் படகை இறக்கிப் பார்த்துவிட்டுப் போயிருந்தார்.

இந்த நேரம் பார்த்துத்தான், ஆஸ்பத்திரிக்கு பில் போட்டுத் தரும் கம்பெனி ஒன்று கடிதம் அனுப்பியிருந்தது. தங்கள் கம்ப்யூட்டருக்குள் யாரோ புகுந்துவிட்டார்களாம். ஆர்டனின் பெயர், பிறந்த தேதி, சோஷியல் செக்யூரிட்டி எண் எல்லாம் போயிருக்கலாமாம். வருந்துகிறார்களாம்.

"எவனாவது உன் பேர்ல கடன் வாங்கி வச்சான்னா வீடு போச்சு," என்றாள் மார்லிஸ். "இந்த விவரத்தையெல்லாம் காவல் காக்குற கம்பெனி நிறைய இருக்கு. நல்லதா ஒண்ணைப் பார்த்துச் சேரு. ஒண்ணு போதும்."

ஒன்று போதும் என்று அவள் சொன்னது ஆர்டனுக்கு நன்றாகவே ஞாபகம் இருந்தது. ஆனால் எது நல்லது என்று பார்க்க அவர் இரண்டு கம்பெனிகளுக்குத் தன் போன் நம்பரைக் கொடுத்திருந்தார். 'தங்கப் பூட்டு' கம்பெனியின் டிராவிஸ் போனை வைத்த அரை மணி நேரத்தில் 'காவல் வாத்து' கம்பெனியிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். அவளும் மூன்று தடவை கேட்டாள்.

மறுநாள் புதன்கிழமை காலை பஸ்ஸில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டிருந்தபோது கைபேசி கத்த ஆரம்பித்தது.

'எச்சரிக்கை. காவல் வாத்து என்ற பெயரில் யாரோ உங்கள் கடன் விவரங்களை நோட்டம் விடுகிறார்கள்,' என்றது தங்கப் பூட்டு.

'எச்சரிக்கை. தங்கப் பூட்டு என்ற பெயரில் யாரோ உங்கள் கடன் விவரங்களைப் பூட்டியிருக்கிறார்கள்,' என்றது காவல் வாத்து.

பூட்டை வாத்து சந்தேகப்பட, வாத்தைப் பூட்டு சந்தேகப்பட, பள்ளிக்கூடம் போய்ச் சேர்வதற்குள் நாற்பத்தொரு எச்சரிக்கை வந்துவிட்டது. ஆர்டன் கைபேசியை பஸ்ஸின் முதலுதவிப் பெட்டிக்குள் போட்டு, மேலே பஞ்சையும் வைத்து மூடினார். அது வாரக் கடைசிவரை அங்கேயே கிடந்தது.

சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தபோது மெதுவாக விஷயத்தைச் சொன்னார்.

மார்லிஸ் கரண்டியைக் கீழே வைத்தாள். "பூட்டியிருக்காங்களா? வங்கிக்காரங்க கையெழுத்துக்கு முன்னாடி இன்னொரு தடவை உன் கணக்கு வழக்கெல்லாம் பார்ப்போம்னு எழுதியிருந்தாங்களே. பூட்டி வச்சிருந்தா எப்படிப் பார்ப்பாங்க? யாரு பூட்டச் சொன்னது?"

"டிராவிஸ் மூணு தடவை கேட்டான்."

மார்லிஸ் சமையலறைப் போனை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். தங்கப் பூட்டில் இந்தத் தடவை வேறொருவன் எடுத்தான். மிகவும் மரியாதையான பையன்.

"ஒரு பட்டனைத் தட்டுனா திறந்துடும் சார். இப்பவே திறந்துரட்டுமா?"

"ஐயையோ, எனக்காக நீங்க சிரமப்பட வேணாம்," என்றார் ஆர்டன்.

"சரிங்க சார். அப்ப பூட்டியே இருக்கட்டும். நல்லா இருங்க."

போன் வைக்கப்பட்டுவிட்டது. ஆர்டன் ரிசீவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்னாச்சு?"

"ஒரு தடவைதான் கேட்டான். என்ன பிள்ளைங்களோ."

"நீ வாயத் தொறந்து 'திற'ன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"முதல் தடவையேவா?" என்றார் ஆர்டன். அவர் குரலில் உண்மையான அதிர்ச்சி இருந்தது. மார்லிஸும் இதே ஊரில் பிறந்தவள்தான், அதனால் அவளால் ஒரேயடியாகத் திட்டவும் முடியவில்லை.

வியாழக்கிழமை மறுபடி கூப்பிட்டார். ஆட்கள் எல்லோரும் வேறு அழைப்புகளில் இருந்ததால் இயந்திரம் பேசியது.

"பூட்டைத் திறக்க வேண்டுமா? ஆம் அல்லது இல்லை என்று சொல்லவும்."

"உங்களுக்கு வேற வேலை ஒண்ணும் இல்லேன்னா மட்டும்..."

"புரியவில்லை. ஆம் அல்லது இல்லை என்று சொல்லவும்."

"மன்னிக்கணும். அவசரம் ஒண்ணும் இல்ல, ஆனா நாளைக்குள்ள முடிஞ்சா..."

மார்லிஸ் பக்கத்தில் நின்று, ஆம், ஆம் என்று சத்தமில்லாமல் வாயை அசைத்துக் காட்டினாள். ஆர்டன் தலையாட்டினார். அடுத்தது மூன்றாவது தடவை. வாய் நிறைய 'ஆம்' வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"இரண்டு முறை தவறான பதில் தந்துள்ளீர்கள். உங்கள் பாதுகாப்புக்காக, திங்கட்கிழமை வரை பூட்டைத் திறக்க இயலாது," என்றது இயந்திரம்.

"ஆம்," என்றார் ஆர்டன், லைன் துண்டித்த பிறகு.

மார்லிஸ் நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலைத் தடவிக்கொண்டாள். பதினாறு படியையும் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். ஆர்டனும் அந்தப் படிகளைப் பார்த்தார். அவர் எதற்கும் யாரையும் தொந்தரவு செய்யாத மனிதர். அதனாலேயே பெண்டாட்டியைக் காலம் முழுக்க மாடிப்படி ஏற வைக்கப்போகிறோம் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"வங்கியில நம்ம கடனைப் பார்க்குற அந்த கர்ட்டுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொல்லேன்," என்றாள் மார்லிஸ்.

"அவருக்கு ஆயிரம் வேலை இருக்கும். நாளைக்கு நேர்லயே போய் மன்னிப்புக் கேட்டுடலாம்."

மன்னிப்புக் கேட்கப் போகும்போது எங்கள் பக்கத்தில் வெறுங்கையோடு போவதில்லை. மார்லிஸ் ருபார்ப் என்ற புளிப்புத் தண்டும் வெண்ணெயும் போட்டு ஒரு தட்டு நிறைய 'பார்' என்னும் இனிப்புத் துண்டுகள் சுட்டாள். வெள்ளிக்கிழமை காலை நாற்பது மைல் தூரமும் அந்தத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். ஏரிக்கரை வீட்டைத் தாண்டும்போது மட்டும் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள்.

டவுன் வங்கிக்குள் அவர்கள் அதுவரை கால் வைத்ததில்லை. பணம் கட்டியதெல்லாம் தபாலில், கர்ட்டிடம் பேசியதெல்லாம் போனில்தான். வாசல் மேஜையில் வெர்னா என்று பெயர் எழுதிய அட்டையோடு, மூக்குக் கண்ணாடி போட்ட ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தாள். ஆர்டனின் லைசென்ஸை வாங்கிப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். மறுபடி லைசென்ஸைப் பார்த்தாள். வரவேற்பு அவ்வளவு நன்றாக இல்லை.

"காப்பி சாப்பிடுறீங்களா?" என்றாள் வெர்னா.

"வேணாங்க."

"கொஞ்சமா?"

"உங்களுக்கு எதுக்கு சிரமம்."

"போட்டு வச்சிருக்கு. வீணாத்தான் போகும்."

"சரி, அப்ப அரைக் கப் போதும்."

வெர்னாவின் முகம் சட்டென்று மலர்ந்துவிட்டது. கப் நிறைய ஊற்றிக் கொடுத்தாள். மார்லிஸுக்கு நாற்காலி இழுத்துப் போட்டாள். அவள் உள்ளே தலை நீட்டி ஏதோ சொன்னதும் கர்ட் வேகமாக வெளியே வந்தார்.

"மிஸ்டர் லுண்ட், புதன்கிழமையிலேருந்து உங்க கைபேசிக்குப் போட்டுப் பார்க்கிறேன். எடுக்கவே இல்லையே."

"முதலுதவிப் பெட்டியில இருக்கு," என்றார் ஆர்டன். பிறகு மூச்சை இழுத்துக்கொண்டு, ராத்திரி முழுக்க மனப்பாடம் செய்ததை ஒப்பித்தார். "எல்லாம் என் தப்புதான். விவரமெல்லாம் பூட்டிக் கிடக்கு. திங்கட்கிழமைதான் திறக்கும். உங்களால பார்க்க முடியாது."

"அதை நாங்க போன திங்கட்கிழமையே பார்த்து முடிச்சாச்சே. நீங்க எப்பப் பூட்டுனீங்க?"

"செவ்வாய்க்கிழமை."

"அப்ப என்ன கவலை? பேப்பரெல்லாம் தயார். உள்ள வந்து கையெழுத்துப் போட வேண்டியதுதான்."

மார்லிஸ் தட்டோடு எழுந்துவிட்டாள். வெர்னா அதை வாங்கி மேஜையில் வைத்தாள். மார்லிஸ் அழுதுகொண்டே சிரித்தாள், ஆர்டன் அவள் தோளைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

"நான் போன் போட்டது வேற விஷயத்துக்கு," என்றார் கர்ட். "உட்காருங்க. புதன்கிழமை காலைல ஒருத்தன் வந்தான். நான்தான் ஆர்டன் லுண்ட்னான். உங்க சேமிப்பு மொத்தத்தையும் எடுக்கணும்னான்."

ஆர்டன் கப்பைக் கீழே வைத்தார்.

"லைசென்ஸ் வச்சிருந்தான். உங்க பேரு, உங்க முகவரி, அவன் போட்டோ. பிறந்த தேதி சரி. சோஷியல் செக்யூரிட்டி எண் சரி. உங்க அம்மாவோட பிறந்த வீட்டுப் பேரு கேட்டோம், அதுவும் சரி. பணம் கைக்குப் போக ரெண்டு நிமிஷம்தான் பாக்கி. அதுக்குள்ள போலீஸ் வந்துடுச்சு. இப்ப ஜெயில்ல இருக்கான். உங்க பணம் ஒரு சென்ட்கூடக் குறையல."

ஆர்டனுக்குக் கொஞ்ச நேரம் மூச்சே வரவில்லை. வந்ததும் அது ஒரு சிரிப்பாக வந்தது. அப்படியானால் அத்தனை கத்தலும் வீண்போகவில்லை. நாய்க்குக்கூடப் பாதுகாப்பு வாங்கியது நல்லதுதான்.

"யாரு கண்டுபிடிச்சாங்க?" என்று ஆவலோடு கேட்டார். "பூட்டா, வாத்தா?"

கர்ட்டுக்கு ஒன்றும் புரியவில்லை. "வெர்னாதான்," என்றார்.

வெர்னா வெட்கத்தோடு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"நான் ஒண்ணும் பெருசா செய்யலைங்க," என்றாள். "காப்பி வேணுமான்னு ஒரே ஒரு தடவைதான் கேட்டேன், 'கொடுங்க'ன்னுட்டான்."