ஊர்ப்பிள்ளைக் கவலைக்காரர்

செந்தாமரை நீடாமங்கலத்துப் பக்கம் அங்கன்வாடி டீச்சராக வந்த முதல் நாளே அந்தப் பெயர் காதில் விழுந்துவிட்டது. "வைரக்கண்ணு ஐயா வருவாருங்க, பிள்ளைங்க கையப் புடிச்சுப் புடிச்சுப் பாப்பாரு, பயந்துக்காதீங்க" என்றாள் ஆயா.

உங்கள் ஊரிலும் இந்த இனம் உண்டு. நாட்டுப் பிள்ளைகளை நினைத்தே நரைத்தவர்கள். எடை போடும் நாளென்றால் ஐயா மடித்த பேப்பரை அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்து, வாசலை மறித்து நின்று, வருகிற பிள்ளையின் கையை இரண்டு விரலால் அளந்து, "சோகை" என்று தீர்ப்புச் சொல்லி, தாய்க்கு முருங்கைக்கீரை பற்றி ஒரு பிரசங்கம், முட்டை பற்றி ஒரு பிரசங்கம் வைத்து, "இப்படியே போனா நாடு என்னத்துக்கு ஆகும்?" என்று முடிப்பார். யார் பதில் சொல்வது? நாடா வரிசையில் நிற்கிறது?

ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பதை அட்சரம் பிசகாமல் நம்பியவர்.

அவர் பேத்தி பிரகதீஸ்வரிக்கு இரண்டு வயது. எடை போட ஒருநாளும் வந்ததில்லை.

"நாலு பேர் பாக்க எம் பேத்திய நிறுத்துறதா? கண்ணு பட்டுடும்மா."

"மத்த பிள்ளைங்களுக்குப் படாதுங்களா?"

"அது ஊர்ப்பிள்ளை."

செந்தாமரை வீட்டுக்கே போனாள். ஐயா டீயில் தோய்த்துத் தோய்த்து பிஸ்கட் ஊட்ட, குழந்தை ஓடாமல் ஆடாமல் மடியிலேயே சாய்ந்து கிடந்தது. "தங்கம். இருக்கற இடமே தெரியாது" என்றார் பெருமையாக. செந்தாமரை குழந்தையின் கையை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தாள்.

பையிலிருந்த எடை மெஷினைத் தரையில் வைத்தாள். "ஊருக்காக அலைஞ்சு இளைச்சுட்டீங்க ஐயா. சும்மா ஏறுங்க, உங்க எடையப் பாப்போம்."

டீ டம்ளரும் கையுமாகப் பேத்தியோடு ஏறினார். எழுபது. "பாப்பாவ அவங்க அம்மாகிட்ட குடுத்துட்டு இன்னொரு தரம்." அறுபத்தொன்றரை.

"உங்களுக்கு ஒரு குறையும் இல்லீங்க. பாப்பாதான் எட்டரை கிலோ. பத்துக்கு மேல இருக்கணும். நாளைக்கே டாக்டர்கிட்ட காட்டணும்."

"மெஷின் கோளாறு."

குழந்தையை வாங்கிக்கொண்ட மருமகள் ராஜாத்தி அன்றுதான் வாய் திறந்தாள். "மெஷின் நல்லாத்தான் இருக்கு மாமா. டீயும் பிஸ்கட்டும் ரொம்புன வயித்துல நான் சோத்த எங்க ஊட்டறது? எத்தனை தரம் சொன்னேன்! நீங்க நாட்டப் பத்திப் பேசிக்கிட்டு இருந்தீங்க."

ஐயா டம்ளரைக் கீழே வைத்தார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். அடுத்த வீட்டுப் பிள்ளை இளைத்தது மட்டும் உங்கள் கண்ணுக்குச் சட்டென்று தெரிகிறதா? அப்படியானால் கதவைச் சாத்திக்கொண்டு உங்கள் வீட்டுப் பிள்ளையையும் ஒருதரம் நிறுத்துப் பாருங்கள். யாருக்கும் சொல்ல மாட்டேன்.

வைரக்கண்ணு ஐயாவா? பேத்தி இப்போது ஒன்பதே முக்கால் கிலோ. அவளைத் தோளில் போட்டுக்கொண்டு, எடை போடும் வரிசையில் ஐந்தாவது ஆளாக நிற்கிறார்.