தோட்டத்துப் பம்பு அல்ல, வண்டிப் பம்பு

தேவாரம்,
30.10.2007

கம்பத்தில் நாலு பேர் மதிக்க வாழ்ந்துவரும் சம்பந்தி திரு. ஒச்சாண்டி அவர்களுக்கு, தேவாரம் மொக்கைச்சாமி இரு கை கூப்பி எழுதிக்கொண்டது. இங்கே நான், சங்கிலியம்மாள், மகன் விஜய்பாண்டி, கறவை மாடு ரெண்டு, எல்லோரும் சுகம். அங்கே தாங்களும் சம்பந்தியம்மாளும் மாப்பிள்ளையும் என் மகள் நதியாவும் காது குத்திய பேரனும் சுகமா என்று அறிய ஆசை. என் மேல் உள்ள கோபம் எந்த மட்டில் இருக்கிறது என்று அறிய அதைவிட ஆசை.

போன் போட்டால் நீங்கள் எடுப்பதில்லை, அதனால்தான் பேனாவை எடுத்தேன். நேற்று நதியா பேசினாள். "தீபாவளிக்கு அனுப்ப மாட்டேன்னு மாமா சொல்லிட்டாகப்பா. பேரனுக்குக் காது குத்துற அன்னைக்குத் தோட்டத்துப் பம்பை மாத்திட்டு மத்தியானம் வந்து நின்னவுக வீட்டுக்கு எதுக்குப் போகணும்னு கேக்குறாக" என்றாள். சம்பந்தி, என் தோட்டத்துப் பம்பு தங்கமாக ஓடுகிறது. அன்றைக்குப் போனது வண்டிப் பம்பு. இதை நதியா சொன்னால், அப்பனுக்கு வக்காலத்து வாங்குகிறாள் என்கிறீர்களாம். ஆகவே நடந்ததை நடந்தபடி நானே எழுதுகிறேன்.

அன்று விடிந்ததும் சீர்த்தட்டு பதினொன்று, கிடாய் ஒன்று, வாழைத்தார் நாலு, சொந்தபந்தம் பன்னிரண்டு பேர் என்று பிக்கப்பில் ஏற்றி, தாய்மாமன் விஜய்பாண்டியை மாலை கசங்காமல் முன்சீட்டில் உட்காரவைத்துக் கிளம்பினேன். ஒன்பதரைக்குத்தானே முகூர்த்தம், எட்டுக்கெல்லாம் கம்பத்தில் நிற்பேன் என்று தெம்பு. தெம்புக்குக் காரணம் உண்டு. அஞ்சு நாளைக்கு முன்னால்தான் ஆயுத பூஜை. வண்டி வாங்கி முதல் பூஜை என்பதால் கொஞ்சம் தாராளமாகவே என் கையால் சந்தனத்தைக் குழைத்து ஸ்டியரிங்குக்கு, ஹாரனுக்கு, டீசல் டேங்க் மூடிக்கு, கண்ணாடி துடைக்கிற வைப்பருக்குக்கூட அப்பிக் குங்குமம் வைத்திருந்தேன். பூஜை போட்ட கையோடு, சீருக்கு எடுத்துப்போகிற வண்டி என்று வேறு எந்த வேலைக்கும் எடுக்காமல் நிறுத்தியும் வைத்திருந்தேன். அப்படிப்பட்ட வண்டி பண்ணைப்புரம் தாண்டியதும் ரெண்டு தடவை இருமிவிட்டு நின்றுவிட்டது.

எல்லோரும் இறங்கினோம், கிடாயைத் தவிர. ஆளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். என் மச்சினன் தவசி, அவன் ஒரு காலத்தில் டிராக்டரில் உழவு ஓட்டியவன், "டீசல் இல்லாம ஓட்டுனா நிக்காம என்ன செய்யும்" என்று டேங்க் மூடியைத் திறந்தான். புஸ்ஸென்று ஒரு சத்தம். குச்சியை விட்டுப் பார்த்தால் முக்கால்வாசி டீசல் கிடக்கிறது. மூடியைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருகினேன், ஒன்றுமே நடக்காதது போல் ஓடியது. தவசி என்னமோ தானே இன்ஜினைக் கண்டுபிடித்த மாதிரி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான். கோம்பை எல்லையில் மறுபடி இருமல், மறுபடி நின்றுவிட்டது. இந்தத் தடவை மூடியைத் திறக்க வந்த தவசியை, ஒரு தடவை பார்த்த டீசலை எத்தனை தடவைடா பார்ப்பாய் என்று நான்தான் விரட்டிவிட்டேன். மெக்கானிக்கை வரவழைத்துப் பார்த்த பிறகுதான் உங்களுக்குப் போன் போட்டது. "சம்பந்தி, பம்பு போயிருச்சு, மாத்திட்டு வந்துர்றோம்" என்றேன். "இன்னைக்கேவா?" என்று கேட்டீர்கள். "இன்னைக்கே மாத்துனாத்தான் உண்டு" என்றேன். லைன் கட்டாகிவிட்டது. டவர் இல்லை என்று நினைத்தேன், நீங்கள் வைத்ததுதான் என்று இப்போது தெரிகிறது.

பம்பு போனது என்று நானாகச் சொல்லவில்லை, கோம்பை மெக்கானிக் கருத்தக்கண்ணன் சொன்னது. அவன் வந்து ஃபில்டர் திருகைத் தளர்த்தி, கையால் பம்பு அடித்து அடித்துப் பார்த்தான், டீசல் வருவதாக இல்லை. உடனே தவசியை விட்டு டேங்கிலிருந்து ஒரு கேனில் டீசல் எடுக்கவைத்து, அதைக் கூண்டுக் கம்பியில் தொங்கவிட்டு, ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றுகிற மாதிரி ட்யூப் போட்டு நேராக ஃபில்டருக்கு விட்டான். வண்டி சிங்கம் மாதிரி உறுமியது. டேங்கிலிருந்து டீசலை உறிஞ்சி அனுப்புகிற பம்புதான் செத்துப்போச்சு, ஃபீடு பம்பு என்று பேர், மாற்றாமல் ஒரு அடி நகராது என்று முடிவாகச் சொன்னான். விஜய்பாண்டி மாலையைக் கழற்றிக் கிடாய் கொம்பில் மாட்டிவிட்டு, கருத்தக்கண்ணன் பைக்கை வாங்கிக்கொண்டு உத்தமபாளையம் போனான். போனவன் கடையில் பம்பு என்று மட்டும் கேட்க, அவர்கள் ரேடியேட்டருக்குத் தண்ணீர் சுற்றிவிடுகிற வாட்டர் பம்பைக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். மறுபடி போய் ஃபீடு பம்பு வாங்கி வருவதற்குள் கிடாய் மாலையில் பாதியைத் தின்றுவிட்டது. மீதியைத்தான் உங்கள் சபையில் தாய்மாமன் கழுத்தில் பார்த்தீர்கள். புதுப் பம்பைப் பூட்டி, டீசல் குழாயில் அடைந்த காற்றை வெளியேற்றி, கிளம்புகிற அவசரத்தில் டேங்க் மூடியைக் காணோம், வாயில் துணியை அடைத்துக்கொண்டு வந்து சேர்ந்தோம். மணி ஒன்றே முக்கால். வியாழக்கிழமை, சரியாக ராகு காலத்துக்குள்.

இங்கேதான் நான் ஒரு புத்திசாலித்தனம் செய்தேன். இந்த வண்டியைப் பற்றி உங்களிடம் எவ்வளவு பீற்றியிருக்கிறேன் என்பது உங்களுக்கே தெரியும். ஆகவே இறங்குமுன், சம்பந்திக்குப் போனில் சொன்னது போதும், வண்டி நின்ற கதையைச் சபையில் எவரும் வாயைத் திறக்கக் கூடாது என்று பன்னிரண்டு பேரிடமும் சொல்லிவிட்டேன். வாழ்நாளில் முதல் தடவையாக என் சொந்தக்காரர்கள் என் பேச்சைக் கேட்டார்கள்.

நீங்கள் வாசலில் நின்று, "பம்பு சரியாயிருச்சாக்கும்? நல்லாப் பாயுதா?" என்று கேட்டீர்கள். எவ்வளவு அக்கறை என்று எனக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. "பிச்சுக்கிட்டுப் பாயுது சம்பந்தி. ஒருக்கா வந்து பாருங்க" என்றேன். உங்கள் மீசை அசைந்தது. சிரிக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் பந்தி முடிந்து, ராகு காலம் கழிந்து, மூணு மணிக்கு ஆசாரி "கடுக்கனைக் குடுங்க" என்று கேட்க, சங்கிலியம்மாள் மடிப்பைக்குள் கையை விட்டு, வெள்ளித்தட்டில் டக்கென்று வைத்தது டீசல் டேங்க் மூடி. கோம்பையில் கையில் வாங்கியவள் கடுக்கனோடு சேர்த்துப் பைக்குள் போட்டு மறந்திருக்கிறாள். சந்தனம் குங்குமத்தோடு இருந்ததால் ஆசாரி ஒரு நிமிஷம் கும்பிடவே பார்த்தார். அந்த மூடியைப் பார்த்துத்தான், தோட்டத்து ஆயில் இன்ஜின் மூடி என்று நீங்கள் முடிவே கட்டிவிட்டீர்கள் என்று நதியா சொல்கிறாள். ஒரு சொல்லைத் தப்பாக எடுத்துக்கொண்டதற்கு எத்தனை சாட்சி பாருங்கள். பேரன் காதில் டீசல் வாடை அடித்ததற்கும் அதுதான் காரணம்.

இதற்கெல்லாம் ருசுவாக, செத்துப்போன அந்த ஃபீடு பம்பையே மஞ்சப்பையில் போட்டு, இன்று காலை பஸ்ஸில் தவசியிடம் கொடுத்தனுப்பி இருக்கிறேன். உள்ளங்கை அகலம்தான் இருக்கும். கிணற்றில் தண்ணீர் இறைக்கிற பம்பு இந்தச் சைசில் உண்டா என்று நீங்களே சொல்லுங்கள். குற்றம் பம்பின் மேல், என் மேல் இல்லை. கோபத்தைப் பம்பின் மேல் காட்டிவிட்டு, நதியாவைத் தீபாவளிக்கு அனுப்பிவையுங்கள். சங்கிலியம்மாள் ரெண்டு நாளாக மாட்டிடம்தான் பேசிக்கொண்டிருக்கிறாள்.

சம்பந்தியம்மாளுக்கு எங்கள் கும்பிடு. மாப்பிள்ளைக்கு அன்பு. பேரன் ரெண்டு காதும் ஆறி, நூறு வயசு நல்ல சொல்லாகவே கேட்டு வாழட்டும்.

இப்படிக்கு,
தங்கள் மேல் என்றும் மரியாதை குறையாத
மொக்கைச்சாமி

பின்குறிப்பு: இதை மடித்துச் சட்டைப்பையில் வைத்து, கோம்பையில் ஒரு வேலை, அங்கேயே தபாலில் போடலாம் என்று வண்டியை எடுத்தேன். இத்தனை நாள் துணி அடைத்த டேங்கோடு ஓட்டியது போதும் என்று, மடிப்பையிலிருந்த மூடியை, சாமி சந்தனத்தைத் துடைக்கலாகாது என்று அப்படியே நன்றாக இறுக்கித் திருகினேன். பண்ணைப்புரம் தாண்டியதும் அதே இடத்தில், அதே இருமல். புதுப் பம்போடு. கருத்தக்கண்ணனைப் போனில் வைத ஜோரில் பாதித் தெரு கூடிவிட்டது. அவன் வந்ததும் மூடியைத் திறந்தான். புஸ். "இந்தச் சத்தம் அன்னைக்கும் வந்துச்சா மாமா?" என்றான். வந்தது என்றேன். அன்றைக்கே சொல்லியிருந்தால் பம்பைத் தொட்டே இருக்க மாட்டேன் என்றான். டீசல் குறையக் குறைய உள்ளே காற்றுப் போவதற்கு மூடியில் ஒரு ஊசித் துளை இருக்குமாம். அதில் என் சந்தனம் சிமெண்டு மாதிரி இறுகிக் கிடக்கிறது. "வண்டிக்குப் பொட்டு வைக்கலாம் மாமா, மூக்கை அடைக்கலாமா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டான்.

ஆகையால் சம்பந்தி, மேலே பம்பு செத்துப்போனது என்று எழுதிய இடத்தையெல்லாம் அடித்துவிட்டுப் படிக்கவும். தோட்டத்துப் பம்பும் நல்ல பம்பு, வண்டிப் பம்பும் நல்ல பம்பு, கோளாறு மொக்கைச்சாமி ஒருத்தன்தான். தவசி கொண்டுவந்ததைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாமல் திருப்பி அனுப்பவும். பஸ்ஸில் தனியாக அனுப்பினால் தொலைந்துபோகும். நதியா கையில் கொடுத்து, துணைக்குப் பேரனையும் அனுப்பினால் பத்திரமாக வந்து சேரும். கூட்டிவர நானே வருகிறேன். இந்தத் தடவை மூடியில் ஒரு பொட்டுக்கூட இல்லை.