எங்கள் வீட்டு மதர் போட்ட மாற்றல் உத்தரவு

மரியே வாழ்க!

ஊருக்கெல்லாம் சிஸ்டரானாலும் எனக்கு என்றும் தங்கச்சியான உனக்கு, அண்ணன் அன்போடு எழுதுவது. நான், உன் அண்ணி, உன் மருமகள், அண்ணியின் தம்பி நால்வரும் உடம்பால் சுகம். மனசால் சுகமா என்பதை முழுக்கப் படித்துவிட்டு நீயே சொல். உங்கள் மதருக்கு என் வணக்கம். நான் பழுது பார்த்த மோட்டார் ஒழுங்காகத் தண்ணீர் ஏற்றுகிறதா, இல்லை இன்னும் உறுமுகிறதா?

அந்த மோட்டார் வேலைக்காக உங்கள் மடத்தில் தங்கியபோதுதான் எனக்கு இந்த ஆசை பிடித்தது. மணி அடித்ததும் ஒரு சிஸ்டர் பாதி நிறைந்த வாளியை அப்படியே விட்டுவிட்டுச் செபத்துக்குப் போனார். குழாயை மூடினாரா என்று எட்டிப் பார்த்தேன், மூடியிருந்தார். சாப்பாட்டு மேசையில் ஒருவர் நின்று வாசிக்க, மற்றவர்கள் வாய் திறக்காமல், அதாவது சாப்பிட மட்டும் திறந்து, கேட்டுக்கொண்டிருந்தார்கள். அப்புறம் சிரித்துப் பேசுவதற்கென்றே ஒரு நேரமாம்! அந்த நேரத்தில் சிரிப்பு வராவிட்டால் என்ன செய்வீர்கள்? கேட்க நினைத்து மறந்துவிட்டேன், பதில் போடு. ஆனால் என்னை அசத்தியது வேறு. மதர் ஒரு வார்த்தை சொன்னார், ஒரு சின்ன சிஸ்டர் 'சரி மதர்' என்றார். அவ்வளவுதான்! 'ஏன்?' இல்லை, 'எல்லா வீட்லயும் விடுறாங்களே' இல்லை.

நம் வீட்டுக் கதைதான் உனக்குத் தெரியுமே. உன் மருமகளுக்கு வெளியூரில் ஒரு பெரிய அச்சகத்தில் புத்தக அட்டை வடிவமைக்கும் வேலை கிடைத்திருக்கிறது. நான் கூடாது என்றேன், அவள் போவேன் என்றாள், வீடு சந்தைக்கடையாகிவிட்டது. பெண் தெரியாத ஊரில் தனியாக ஒரு அறையில் இருப்பாள் என்று நினைத்தாலே எனக்குச் சோறு இறங்கவில்லை. பயம்தான், வேறென்ன? ஆகவே வீட்டையே மடமாக்கிவிட்டால் கீழ்ப்படிதல் தன்னால் வந்துவிடும் என்று கணக்குப் போட்டு, தலைமை சொன்னால் மறுபேச்சில்லை என்று ஆளுக்கொரு வார்த்தைப்பாடு எடுக்கவைத்தேன். முதலில் எடுத்தது நான், அதுவும் சத்தமாக.

கோவில் மணிக்கு எங்கே போவது? வாசல் காலிங் பெல்லையே மணியாக வைத்துக்கொண்டோம். அடித்தால் கையில் எது இருந்தாலும் போட்டுவிட்டுச் செபம். கேஸ் சிலிண்டர்காரர் வந்து பெல்லை அழுத்தினார். நாங்கள் நால்வரும் முழங்காலில் விழுந்தோம். அவர் மறுபடி அழுத்தினார், நாங்கள் இன்னும் பக்தியாகச் செபித்தோம். ஜன்னல் வழியாகப் பார்த்த மனுஷன், வீட்டில் ஏதோ ஆபத்து என்று பயந்து, சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போய்விட்டார்! அடுப்பு அணைந்தது. மௌன விரத நேரத்தில் அதை எப்படிச் சொல்வது? உன் அண்ணி கையை ஆட்டி ஆட்டிக் காட்டினாள், நான் ஆசீர்வாதம் என்று நினைத்துச் சிலுவை போட்டுக்கொண்டேன். சாப்பாட்டு நேரத்தில் புனிதர் வரலாறு படிக்கச் சொன்னால், மச்சினன் எழுத்து பொடியாக இருக்கிறதென்று என் மோட்டார் விளக்கக் குறிப்பை எடுத்து, 'தண்ணீர் இல்லாமல் ஓட்டாதீர்' என்று கணீரென்று வாசித்தான். உன் அண்ணி 'ஆமென்' என்றாள். தையல் கடையில் எட்டு மணி நேரம் வாய் ஓயாதவன் அவன், அவனையே வாசகனாக்கியது என் புத்தி.

இதெல்லாம் போகட்டும் தங்கச்சி, தாங்கிக்கொண்டேன். மெய்யாக மோசம் போனது அதற்குப் பிறகுதான். உன் மருமகள் பூனை மாதிரி வந்து உட்கார்ந்து, "ஏம்ப்பா, அத்தையோட சபையில தலைவி எப்படி வர்றாங்க?" என்று கேட்டாள். எனக்குத்தான் தெரிந்ததைச் சொல்லாமல் இருக்க முடியாதே! "ஓட்டுப் போட்டுத்தாம்மா," என்றேன்.

"அப்ப நாமளும் போடணும்ல?"

"போட்டாத்தான் முறை அத்தான்," என்றான் மச்சினன்.

பிரஷர் குக்கரில் சீட்டுகளைப் போட்டோம். உன் அண்ணிக்கு மூன்று, எனக்கு ஒன்று. அந்த ஒன்று யார் போட்டதென்று கேட்காதே. ஆனால் தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன், உங்கள் மடத்தில் தனக்குத் தானே போட்டுக்கொள்ளலாமா?

பதவியேற்ற கையோடு உன் அண்ணி சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு, "மடத்துக்கு மடம் மாத்தல் உத்தரவு போடுவாங்கல்ல? இவளை அந்த அச்சக ஊருக்கு மாத்தியாச்சு. யாரும் மறுபேச்சுப் பேசக் கூடாது," என்றாள். நான் வாயைத் திறந்தேன். "வார்த்தைப்பாடு!" என்றான் மச்சினன். மூடிக்கொண்டேன். திங்கட்கிழமை பெண் கிளம்புகிறாள். அவள் அறைக்கதவு திறந்துகிடக்கிறது, பெட்டி பாதி நிறைந்திருக்கிறது, அந்தப் பக்கம் போகவே எனக்குக் கால் வரவில்லை.

ஆகையால் நீ செய்ய வேண்டியது: ஒரு மதர் தப்பாக உத்தரவு போட்டால் அதற்கு மேலே யாரிடம் முறையிடுவது என்று உடனே விசாரித்து எழுது. முடிந்தால் உங்கள் மேலிடத்திலேயே ஒரு வார்த்தை பேசி, மாற்றலை நிறுத்திவை. மற்றபடி கடவுள் உன்னையும், உன் மடத்தையும், அந்த மோட்டாரையும் காப்பாராக.

கீழ்ப்படிந்தே தேய்ந்த,
உன் அண்ணன்.

பி.கு.: உறையை ஒட்டும்போது எங்கள் வீட்டு மதர், அதாவது உன் அண்ணி, கூப்பிட்டனுப்பினாள். "சிஸ்டருங்க தனியாப் பிரயாணம் போவாங்களா?" என்றாள். "மாட்டாங்க, ரெண்டு பேராத்தான் போவாங்க," என்றேன். "அப்ப நீங்களும் கிளம்புங்க. அவ அந்த ஊருக்குப் பழகுற வரைக்கும் கூட இருந்துட்டு வாங்க." பின்னால் நின்ற மகள், "நான்தாம்ப்பா கேட்டேன். தனியாப் போக எனக்கும் பயமாத்தான் இருக்கு," என்றாள். "இத்தனை நாளா ஏண்டி சொல்லலை?" என்றேன். "சொன்னா நீங்க விடமாட்டீங்களேப்பா!" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது தங்கச்சி. சட்டைகளை மடித்துக்கொண்டிருக்கிறேன். மேலிடத்தில் தயவுசெய்து ஒன்றும் பேசிவைக்காதே.